கைத்தொலைபேசி எண்ணும் ஓர் அமானிதமே
(நாடு விட்டு நாடு செல்லும் வணிகர்களுக்கு ஒரு பாடம்)

 

நம் சமூகத்தாருக்கு சபர் புதிதன்று. நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறி, பினாங்கிலும் அன்றைய போர்ட் சுவெட்டன்ஹாமிலும் (இன்றைய போர்ட் கிள்ளான்) வந்திறங்கிய பாட்டன்மாரின் பேரர்கள்தாம் நாம். அக்காலத்தில் சபர் புறப்படுகிறவர் முதலில் கைமாற்றுக் கடன்களைத் தீர்ப்பார். பேரேட்டை ஒழுங்கு செய்வார். ஜமாஅத்தாரிடம் சொல்லிக் கொள்வார். போகுமிடத்து விலாசத்தை வீட்டில் எழுதி வைப்பார். கரை சேர்ந்ததும் ஒரு தந்தி கொடுப்பார்.

இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையோடு முடிந்து போயிற்று. விலாசம் இருந்த இடத்தில் இன்று கைத்தொலைபேசி எண் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆனால் நம் பெரியவர்கள் விலாசத்தில் காட்டிய அக்கறையை நாம் எண்ணில் காட்டுகிறோமா? பெட்டி கட்டுகிறோம், பலகாரம் கட்டுகிறோம், எண்ணை மட்டும் மறந்து விடுகிறோம். அதனால் வரும் சங்கடங்களையும், அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் இங்கே எழுதுகிறோம்.

நடந்த ஒரு சம்பவம்

கிள்ளானில் நெடுங்காலம் ஜவுளி வியாபாரம் செய்த நம் சகோதரர் ஒருவர், கடையை ஒப்படைத்து விட்டு ஊரோடு போய் இருக்கலாம் என்று புறப்பட்டார். போகுமுன் கொடுக்க வேண்டியவர்களுக்கு எல்லாம் கொடுத்தார். ஒரே ஒரு மொத்த வியாபாரிக்கு மட்டும் பாக்கி. தவணை சொல்லி இருந்தார். ஊர் போய்ச் சேர்ந்தபின் இங்குள்ள ப்ரீபெய்ட் எண்ணுக்கு யாரும் பணம் போடவில்லை. சில மாதங்களில் எண் காலாவதியாகி, வேறொருவர் கைக்குப் போய்விட்டது.

தவணை நாளில் மொத்த வியாபாரி கூப்பிட்டார். முன்பின் தெரியாத குரல், “அப்படி ஒருவர் இங்கே இல்லை” என்று சொல்லிற்று. இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்த அவர், ‘ஆள் கடனோடு போய்விட்டார்’ என்று முடிவு கட்டினார். அந்தப் பேச்சு பள்ளிவாசல் வரை வந்தது. இதற்கிடையில், நம் சகோதரருக்குப் பழைய பாக்கியைக் கொடுப்பதற்காகத் தேடிய வாடிக்கையாளர் ஒருவரும் அதே அந்நியக் குரலைக் கேட்டுவிட்டு, சும்மா இருந்து விட்டார். விஷயம் காதுக்கு எட்டியதும் நம் சகோதரர் பாக்கியை உடனே அனுப்பித் தீர்த்தார். பணம் தீர்ந்தது, பேச்சு தீர நெடுநாள் ஆயிற்று. நாற்பது வருஷம் சேர்த்த பெயரை ஒரு சிறு சிம் கார்டு கெடுக்கப் பார்த்தது!

நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் புறப்பட்ட வரலாறு நமக்குத் தெரியும். உயிருக்கே ஆபத்து சூழ்ந்திருந்த அந்த இரவிலும், மக்காவாசிகள் தம்மிடம் நம்பி வைத்திருந்த அமானிதப் பொருள்களை உரியவர்களிடம் சேர்க்க ஹஜ்ரத் அலி (ரலி) அவர்களை அங்கே விட்டுச் சென்றார்கள். நாடு மாறினாலும் நம்பிக்கை மாறக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா? கொடுக்கல் வாங்கல் எல்லாம் எண்ணின் மூலம் நடக்கும் இக்காலத்தில், எண்ணைச் சீராக வைப்பதும் அந்த அமானிதத்தைச் சேர்ந்ததே.

எண் இன்று என்ன வேலை செய்கிறது?

முன்பு எண் பேசுவதற்கு மட்டுமே. இன்று அது கல்லாப்பெட்டியின் சாவி. வங்கியில் பணம் அனுப்பினால் ஒருமுறைக் குறியீடு (ஓ.டி.பி.) அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. ஆதார், வருமான வரி, ஜி.எஸ்.டி. எல்லாவற்றுக்கும் அவ்வாறே. வாட்ஸ்அப் கணக்கும் எண்ணின் பேரில்தான் இருக்கிறது. எண் பிறர் கைக்குப் போனால் சாவியும் உடன் போகிறது என்பதை முதலில் மனத்தில் பதித்துக் கொள்ள வேண்டும்.

ஆகவே முதல் வேலை, ஒரு தாளில் எழுதுவது. எந்தெந்த இடத்தில் இந்த எண்ணைக் கொடுத்திருக்கிறோம்? வங்கி, வரி, இன்சூரன்ஸ், சமையல் வாயு, பிள்ளைகளின் பள்ளி, சரக்கு கொடுப்பவர், கடன் கொடுத்தவர், வாங்கியவர் என்று ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். தவணைக் கடனை எழுதிக் கொள்ளுமாறு அல்பகரா சூராவின் 282-ஆவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. எழுதிப் பழகிய சமூகத்துக்கு இது பாரமன்று.

தமிழ்நாட்டிலிருந்து இங்கு வருவோர்

1. ஊர் எண்ணை விட்டுவிடாதீர்கள். ஆதாரின் குறியீடு இந்திய எண்ணுக்கே வரும்; வெளிநாட்டு எண்ணுக்கு அனுப்புவதில்லை. மாத பில் கட்டும் போஸ்ட்பெய்டாக இருந்தால், பாக்கியைத் தீர்த்து, செலவு குறைந்த ப்ரீபெய்டாக மாற்றிக் கொள்வது நலம்.

2. ரோமிங் வசதியை ஊரில் இருக்கும்போதே திறந்து கொள்ளுங்கள். ரோமிங் என்றால், நம் கம்பெனியின் சிம் இங்குள்ள கம்பெனியின் கோபுரத்தை இரவல் வாங்கி வேலை செய்வது. அதைத் திறக்கவே சில சமயம் ஒரு குறியீடு வரும். திறக்காமல் இங்கு வந்தால் குறியீடு வராது, குறியீடு வராமல் திறக்கவும் முடியாது! திறந்தபின் அந்த சிம்மில் ‘டேட்டா ரோமிங்’கை அணைத்து வையுங்கள். இல்லையேல் தெரியாமல் செலவு ஏறும். குறுஞ்செய்தி பெறக் கட்டணம் உண்டா என்பதையும் புறப்படுமுன் கம்பெனியிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

3. எண் காலாவதியாகும் கணக்கைத் தெரிந்து கொள்ளுங்கள். இந்தியத் தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் 2013-இல் விதித்த விதிப்படி, ப்ரீபெய்ட் எண் 90 நாட்கள் உபயோகமில்லாமல் இருந்தால்தான் அதை நிறுத்தலாம். கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக் கொண்டு மேலும் 30 நாட்கள் நீட்டிப்பார்கள். ஆனால் ஒரு நுணுக்கம்: பேசுவது, குறுஞ்செய்தி அனுப்புவது, இணையம் பார்ப்பது ஆகியவைதாம் உபயோகம். வங்கிச் செய்தி வந்து விழுவது மட்டும் உபயோகமாகாது. மேலும், திட்டத்தின் கெடு தீர்ந்தால் அழைப்பும் செய்தியும் நின்று போகலாம். ஆதலின் கெடு முடியுமுன் ரீசார்ஜ் செய்யும் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் ஒப்படையுங்கள்; நாள்காட்டியிலும் குறித்து வையுங்கள்.

4. வங்கிக்குச் சொல்லுங்கள். வெளிநாட்டில் வேலைக்கோ தொழிலுக்கோ குடியேறுகிறவரின் சாதாரண சேமிப்புக் கணக்கை ‘என்.ஆர்.ஓ.’ கணக்காக மாற்ற வேண்டும் என்பது இந்திய அந்நியச் செலாவணிச் சட்டம். அப்போதே வெளிநாட்டு எண்ணைப் பதிய முடியுமா என்று கேட்கலாம். யு.பி.ஐ. முறையில் 2023 ஜனவரியில் 10 நாடுகளின் எண்களுக்கு அனுமதி தந்தார்கள். பின்னர் மலேசியாவும் சேர்ந்தது. இது என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளுக்கே. உங்கள் வங்கி இதை ஏற்கிறதா என விசாரித்துக் கொள்ளுங்கள்.

5. கருவியைப் பாருங்கள். மலேசியாவில் 3ஜி சேவையை 2021 முடிவோடு நிறுத்தி விட்டார்கள். 4ஜி வழியாகவே பேசக் கூடிய, எந்தக் கம்பெனிக்கும் பூட்டப்படாத, இரண்டு சிம் ஏற்கும் கருவியாக இருந்தால் ஊர் எண்ணும் இங்குள்ள எண்ணும் ஒன்றாக இருக்கும்.

இங்கு வந்திறங்கிய பின்

சிப்பாங் விமான நிலையத்திலேயே சிம் கிடைக்கும். அவசரமில்லையெனில் பிரிக்ஃபீல்ட்ஸிலோ, மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலோ, கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ நாலு கடை விசாரித்து வாங்கலாம். செல்காமும் டிஜியும் 2022 நவம்பரில் இணைந்து ஒரே கம்பெனியாகி விட்டன. மெக்சிஸ், யூ மொபைல் முதலியனவும் உண்டு. கடையும் தங்குமிடமும் உள்ள இடத்தில் எது நன்றாக எடுக்கிறது என்பதே முதற் கேள்வி, விலை இரண்டாவது.

2006 முதல் இங்கு ப்ரீபெய்ட் எண்ணையும் பெயர் பதியாமல் வைத்திருக்க முடியாது. வெளிநாட்டார் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிய வேண்டும். உங்கள் பாஸ்போர்ட்டில் உங்கள் எண் மட்டுமே பதிவாகட்டும். “அண்ணே, உங்கள் பேரில் ஒன்று எடுத்துத் தாருங்கள்” என்று முகம் தெரியாதவர் கேட்டால் இரக்கப்பட வேண்டாம். அந்த எண்ணால் மோசடி நடந்தால், போலீஸ் தேடி வருவது பதிவில் உள்ள பெயரைத்தான்.

கடை முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. ஊரிலிருந்து வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு சிம் எடுத்துக் கொடுப்பது நல்ல காரியம். அது அவர்கள் பெயரிலேயே இருக்கட்டும். அந்தச் சாக்கில் அவர்கள் பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டியில் பூட்டாதீர்கள். பிறர் பாஸ்போர்ட்டைச் சட்ட அதிகாரமின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். சம்பளம் வாங்கிய இரவு தாயாரோடு பேசுவதற்கு அந்தப் பிள்ளைக்கு உள்ள ஒரே வழி அந்த எண் என்பதையும் நினைத்துப் பார்ப்போமாக.

எண்களை எழுதும் முறையையும் சொல்லி விடுகிறோம். மலேசியாவின் குறி 60, இந்தியாவின் குறி 91. வெளிநாட்டிலிருந்து அழைக்கும்போது இங்குள்ள எண்ணின் முதல் பூஜ்யம் விழுந்து விடும். கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரத்து 03 என்பது +60 3 ஆகும். பில் புத்தகத்திலும் பெயர்ச் சீட்டிலும் இவ்வாறே அச்சிடுங்கள். இங்கு நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி முந்தியது. ஊர் வங்கி காலை 10 மணிக்குத் திறக்கும்போது இங்கே பகல் 12.30.

இங்கிருந்து புறப்படுவோர்

ஊருக்குத் திரும்புவோரும், சிங்கப்பூர், துபாய், ஜித்தா எனத் தொழில் தேடிச் செல்வோரும் கவனிக்க வேண்டியவை இவை.

முதலாவது, கடைப் பலகையில் எழுதிய எண் கடையின் சொத்து. அதைக் கூட்டாளி அல்லது மகன் பெயருக்கு முறைப்படி மாற்றிக் கொடுங்கள். இருவரும் கம்பெனி முகப்புக்கு அடையாளக் கார்டோடு நேரில் போவதே சிறந்தது. எண் மாறாமல் கம்பெனியை மாற்றும் வசதியும் இங்கு 2008 முதல் உண்டு. வாடகை கூடிய திட்டத்திலிருந்து மலிவான திட்டத்துக்குப் போய் எண்ணைக் காப்பாற்றலாம். ஒப்பந்தக் காலம் பாக்கி இருந்தால், முன்கூட்டி முறிப்பதற்கு என்ன கட்டணம் என்று எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாவது, வங்கி. 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, வங்கிகள் குறுஞ்செய்திக் குறியீட்டை விட்டு மேலும் பத்திரமான முறைக்கு மாற வேண்டும் என்று அறிவித்தது. ஒரே ஒரு கருவியில்தான் அனுமதி. புதுக் கருவியைப் பதிந்தால் காத்திருப்பு நேரமும் உண்டு. ஆதலின் புதுப் போன் வாங்குவதாயின் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே வாங்கி, இங்கேயே பதிந்து, பணம் அனுப்பிப் பார்த்து விடுங்கள். சேமநிதி, வருமான வரி, தாபோங் ஹாஜி ஆகியவற்றில் எந்த எண் பதிவாகி இருக்கிறது என்பதையும் அப்போதே சரி பாருங்கள்.

மூன்றாவது, வாட்ஸ்அப். புது எண் எடுத்தபின், பழைய எண் உயிரோடு இருக்கும்போதே ‘எண்ணை மாற்று’ என்ற வசதியைப் பயன்படுத்துங்கள்; கணக்கும் குழுக்களும் புது எண்ணுக்கு வந்துவிடும். இரட்டைச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க இரகசிய எண்ணையும் போட்டு வையுங்கள். 120 நாட்கள் உபயோகமில்லாத கணக்கை வாட்ஸ்அப் பொதுவாக நீக்கி விடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

நான்காவது, அறிவிப்பு. முதலில் எழுதிய அந்தத் தாளை எடுத்து ஒவ்வொருவருக்கும் புது எண்ணைத் தெரிவியுங்கள். நமக்குத் தர வேண்டியவர்களுக்குச் சொல்ல எவரும் மறப்பதில்லை. நாம் தர வேண்டியவர்களுக்கே முதலில் சொல்ல வேண்டும்.

எச்சரிக்கை

“உங்கள் எண் துண்டிக்கப்படும், குறியீட்டைச் சொல்லுங்கள்” என்று அழைப்பவன் வங்கியுமல்ல, கம்பெனியுமல்ல, திருடன். குறியீட்டைப் பெற்ற மகனிடமும் சொல்ல வேண்டியதில்லை. ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே வங்கிக்கும், மலேசியாவில் 997 எண்ணுக்கும், இந்தியாவில் 1930 எண்ணுக்கும் அறிவியுங்கள். பணம் கைமாறி மறையுமுன் தடுக்கப்படுவது நாம் சொல்லும் விரைவைப் பொறுத்தது. சிம் தொலைந்தாலும் அவ்வாறே உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

சகோதரர்களே! இவை அனைத்துக்கும் ஆகும் காலம் இரண்டொரு நாள். ஆகும் செலவு சொற்பம். செய்யாமல் விட்டால் வரும் நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை. வியாபாரியின் முதல் பணமன்று, நாணயம். தேடுகிறவருக்குக் கிடைக்கும் மனிதனாக இருப்பது அந்த நாணயத்தில் ஒரு பகுதி.

இவ்வாண்டு சபர் புறப்படும் சகோதரர்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்துப் பாஸ்போர்ட்டோடு வைத்துக் கொள்ளுமாறு கேட்டுக் கொள்கிறோம். படிக்கச் சிரமப்படும் முதியவர்களுக்கு இளைஞர்கள் வாசித்துக் காட்டி, பக்கத்தில் இருந்து செய்து கொடுப்பார்களாக! எங்கு சென்றாலும் அமானிதத்தைப் பேணும் நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.