மலைப் பண்ணையும் பாற்சங்கமும்

தனித்து வாழும் சிறு குடியானவன் சங்கத்தினால் எங்ஙனம் நிலைபெறுகின்றான் என்பதற்கு, பிரான்ஸ் தேசத்து ஜூரா மலைப் பண்ணைகள் தக்கதொரு திருஷ்டாந்தமாகும்.

ஜூரா மலைத்தொடர் ஸ்விட்ஜர்லாந்தின் எல்லையை ஒட்டியுள்ளது. அங்குப் பண்ணையொன்றைக் காணச் செல்வோர் ஊசியிலைக் காடுகளையும் புல்வெளிகளையும் கடந்து ஏறவேண்டும். பழைய பண்ணைவீட்டில் குடும்பத்தாரும் மாடுகளும் ஒரே பெருங்கூரையின் கீழ் வசிப்பர். மேற்பரணில் உலர்ந்த புல் சேமிக்கப்பட்டிருக்கும். பனிக்காலம் நீண்டது. முற்காலத்தில் பாலைத் தொலைவிலுள்ள சந்தைக்குக் கொண்டுசெல்ல வழியில்லை. ஆதலின் மாதக்கணக்கில் கெடாதிருக்கும் சீஸ் என்னும் பாற்கட்டியாக அதை மாற்றினர்.

இதிலும் ஓர் இடையூறு உண்டு. கோந்தே என்னும் அவ்வூர்ப் பாற்கட்டி வட்டு ஒன்று சுமார் 40 கிலோ எடையுள்ளது. அதற்கு ஏறக்குறைய 400 லிட்டர் பால் தேவை. பசு ஒன்று நாளொன்றுக்கு 10 லிட்டர் கறப்பதாகக் கொண்டால், ஒரு வட்டுக்கு 40 பசுக்கள் வேண்டும். நாலைந்து பசுக்களையுடைய குடும்பம் யாது செய்யும்?

அயலார் ஒன்றுகூடினர். இத்தகைய பாற்கூட்டுக்களைப் பற்றி 13-ஆம் நூற்றாண்டுச் சாசனங்களே கூறுகின்றன. பின்னர் நெடுங்காலம் வழங்கிய முறைவருமாறு: ஒவ்வொருவரும் தத்தம் பாலைக் கடனாக அளிப்பர், எவருக்கு மிகுதியான பால் வரவேண்டியுள்ளதோ, அவருக்கு அன்றைய பாற்கட்டி உரியதாகும். கணக்குக்குக் குச்சியே பயன்பட்டது. ஒரு குச்சியை நீளவாட்டில் பிளந்து, ஒரு பாதியைப் பால் கொடுத்தவரும் மறுபாதியைப் பாற்கட்டி செய்வோரும் வைத்துக்கொள்வர். பால் அளக்குந்தோறும் இரு பாதிகளையும் சேர்த்து வெட்டுக்குறி இடுவர். ஆகவே ஒருவர் தனித்துக் கணக்கைத் திருத்த இயலாது. நமது சங்கங்களில் அங்கத்தினர் கையிலுள்ள பாஸ்புத்தகமும் பேரேடும் இதே காவலைச் செய்கின்றன.

ஒருவர் நீர் கலந்தால் நஷ்டம் அனைவரையும் சாரும். எனவே அத்தகையோரை விலக்குதல் பழைய விதியாகும். இன்றும் குழியிலிட்டுப் புளிக்கவைத்த தீவனத்தை அப்பசுக்களுக்கு இடுதல் கூடாது. அதிலுள்ள நுண்கிருமிகள் பாலிற் சேர்ந்தால், பல வாரங்கள் கழித்து வட்டு உப்பி வெடித்துக் கெடும். நான்கு மாதமாவது பக்குவப்பட்ட பின்னரே விற்கப்படும் சரக்காதலின், ஒரு வீட்டின் அசட்டையால் பல வீட்டாரின் உழைப்பு வீணாகும். 1958-ஆம் ஆண்டில் கோந்தே என்னும் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு ஏற்பட்டது. ஆயினும் அப்பெயரை நாடோறும் காப்பது கறப்போரின் நாணயமே.

மலைக்குடும்பத்தை வாழச்செய்தது பசுக்களின் தொகையன்று. அயலான் அளந்த பாலும் தன் பாலைப்போல் தூயது என்னும் நம்பிக்கையே. அந்நம்பிக்கையும் கண்மூடி வைத்ததன்று. அளவும் குறியும் விதியும் அதைத் தாங்கின.

அங்கத்தினர் அடுத்த கூட்டத்தில் ஆராயத்தக்க வினாக்கள்:

1. நமது சங்கக் கணக்கை ஒவ்வோர் அங்கத்தினரும் தம் கையிலுள்ள புத்தகத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கின்றனரா?

2. ஒருவரது தவறு பலரைக் கெடுக்கும் இடங்கள் நமது சங்கத்தில் எவை?

3. அவற்றிற்கு விதி உண்டா? உண்டெனில், உற்றார் உறவினர் என்று பாராது அது நடத்தப்படுகின்றதா?