வீட்டிலும் ஒரு பள்ளி

2020 மார்ச் மாதம். கொரோனா நோய் பரவியது. கேரளத்தில் பள்ளிகள் மூடப்பட்டன. ஜூன் மாதம் பிறந்தது. புது வகுப்பு தொடங்கும் காலம். ஆனால் பள்ளி திறக்கவில்லை. 2021 நவம்பர் 1 அன்றுதான் சிறு வகுப்புப் பிள்ளைகள் மீண்டும் வகுப்புக்குப் போனார்கள்.

அதுவரை படிப்பு என்ன ஆவது?

2020 ஜூன் 1 அன்று விக்டர்ஸ் தொலைக்காட்சியில் பாடங்கள் தொடங்கின. அதற்கு ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்று பெயர். முதல் மணி என்று பொருள். கைட் என்ற அரசு நிறுவனம் இதை நடத்தியது. அதன் தலைமையிடம் திருவனந்தபுரம். ஒரு பாடம் அரை மணி நேரம். தொலைக்காட்சி இல்லாத பிள்ளைகள் நூலகத்திலும் அங்கன்வாடியிலும் கூடிப் பார்க்க ஏற்பாடு செய்யப்பட்டது.

அரை மணி முடிந்ததும் படம் மாறிவிடும். பிறகு பிள்ளைக்கு யார் துணை? வீட்டில் இருப்பவர்கள்தாம்.

திருவனந்தபுரத்தில் கரமனைப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா, பாட்டி, நான்காம் வகுப்பு மகள். அம்மா வளர்ந்த பிறகுதான் எழுத்துக் கற்றவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். “எனக்கே தெரியாது. இவளுக்கு நான் என்ன சொல்லித் தருவேன்?” என்று கவலைப்பட்டார்.

“உனக்குத் தெரிந்ததில் இருந்து தொடங்கு” என்றார் பாட்டி.

அந்த வாரம் இப்படிப் போனது.

திங்கள்: அளவு

பாட்டி பழைய பெட்டியைத் திறந்தார். கிழிந்த சேலைகள், வேட்டிகள் இருந்தன. “இவற்றை ஒட்டுப் போட்டு ஒரு போர்வை தைப்போம், மக்களே” என்றார்.

போர்வையின் நீளம் 150 சென்டிமீட்டர். அகலம் 100 சென்டிமீட்டர். மகள் அளவு நாடாவைப் பிடித்தாள். அம்மா எண்களைப் படித்தார்.

செவ்வாய்: கணக்கு

ஒரு சதுரத் துண்டு 25 சென்டிமீட்டர். நீளத்தில் 6 துண்டுகள். அகலத்தில் 4 துண்டுகள். மொத்தம் எத்தனை?

“6 பெருக்கல் 4, இருபத்துநான்கு” என்றாள் மகள்.

“தையலுக்குள் துணி போகுமே!” என்றார் அம்மா. ஒவ்வொரு பக்கமும் 1 சென்டிமீட்டர் கூடுதல் வேண்டும். ஆகவே 27 சென்டிமீட்டராக வெட்டினார்கள். இந்தக் கணக்கு அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

புதன்: வாசிப்பு

அந்நாட்களில் ரேஷன் கடை வழியாக அரசு இலவச மளிகைப் பை கொடுத்தது. பையில் சிறுபயறு, தேங்காய் எண்ணெய் போன்ற பொருள்கள் இருந்தன. அம்மா ஒவ்வொன்றின் பெயரையும் சீட்டில் எழுதினார். மகள் எடையைப் படித்து எழுதினாள்.

இரவு கஞ்சி. ஒருவருக்கு அரை டம்ளர் அரிசி. மூன்று பேருக்கு ஒன்றரை டம்ளர். பின்னக் கணக்கு அடுப்படியில் புரிந்தது.

வியாழன்: மரச்சீனி

மரச்சீனியைத் தமிழ்நாட்டில் மரவள்ளிக் கிழங்கு என்பார்கள். இது தென் அமெரிக்காவில் இருந்து வந்த பயிர். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இதைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். 1942இல் போர் காரணமாகப் பர்மா அரிசி நின்றுபோனது. அப்போது ஏழைகளின் பசியைப் பெரிதும் தணித்தது இந்தக் கிழங்குதான். 1963இல் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது.

இந்தக் கிழங்கில் நஞ்சாக மாறும் பொருள் உண்டு. கசப்புக் கிழங்கில் அது அதிகம். ஆகவே பச்சையாகத் தின்னக் கூடாது. தோலை உரித்து, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் நன்றாக வேக வைக்க வேண்டும். வெந்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கிழங்கில் மாவுச்சத்துதான் அதிகம். புரதம் மிகக் குறைவு. மீனோ பயறோ சேர்த்துச் சாப்பிடுவது நல்லது.

வரலாறும் அறிவியலும் ஒரு சட்டியில் வெந்தன.

வெள்ளி: தையல்

பாட்டி ஊசியில் நூல் கோத்தார். மூவரும் துண்டுகளை இணைத்தார்கள். இப்படிப் பழைய துணியில் போர்வை தைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. வங்காளத்தில் அதைக் காந்தா என்பார்கள். கர்நாடகத்தில் சித்தி இனப் பெண்கள் தைப்பது கவண்டி. மகள் இந்திய வரைபடத்தில் இந்த இடங்களைத் தேடினாள்.

சனி: எழுத்து

கிழங்கு வேக வைக்கும் முறையை மகள் எழுதினாள். அம்மா அதைப் படித்தார். “தண்ணீரைக் கொட்ட வேண்டும் என்று எழுதவில்லையே!” என்றார். முக்கியமான வரி அது. மகள் சேர்த்து எழுதினாள்.

ஞாயிறு: கேள்வி

போர்வையின் மேல்பகுதி முடிந்தது. மகளுக்கு ஆங்கிலப் பாடத்தில் ஒரு சந்தேகம். அம்மாவுக்குத் தெரியவில்லை. “எனக்குத் தெரியாது. நாளை டீச்சரிடம் போனில் கேட்போம்” என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் வெட்கம் இல்லை.

பள்ளிக்கு மாற்று வீடு அல்ல. ஆசிரியரும் தோழர்களும் பிள்ளைக்கு வேண்டும். 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி தரும் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள். பள்ளி விட்ட பிறகு வீட்டிலும் கற்கட்டும்.

பிள்ளையோடு சேர்ந்து படித்தால் உங்கள் எழுத்தும் மறக்காது. ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மா 2018இல் எழுத்தறிவுத் தேர்வு எழுதினார். அப்போது அவருக்கு வயது 96. பெற்ற மதிப்பெண் நூற்றுக்கு 98. அவர் 2023இல் காலமானார். கற்க வயது தடை இல்லை என்று காட்டிச் சென்றார்.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டில் எத்தனை பேர்? ஒருவருக்கு அரை டம்ளர் என்றால் மொத்தம் எவ்வளவு அரிசி வேண்டும்?

2. 20 சென்டிமீட்டர் சதுரங்களால் 100 சென்டிமீட்டர் நீளமும் 80 சென்டிமீட்டர் அகலமும் உள்ள போர்வைக்கு எத்தனை துண்டுகள் வேண்டும்?

3. உங்களுக்குத் தெரிந்த ஒரு சமையலை ஐந்து வரிகளில் எழுதுங்கள். பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். விட்டுப்போன வரி எது?