சூளையை அவசரப்படுத்தாத வருமானம்

கையால் உருவம் எழுப்பி, சுட்டு, வண்ணம் தீட்டும் சுடுமண் சிற்பத்தைப் பிழைப்பாக்கிக்கொள்ள நினைப்பவர்களுக்கு, இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நான் சொல்வது ஒன்றுதான்: பெரிய சிற்பத்தின் தலையில் மாதச் செலவைச் சுமத்தாதீர்கள். இது கலையைத் தாழ்த்தும் பேச்சு இல்லை; களிமண்ணின் குணம் அப்படி. சக்கரத்தில் வனைந்த குவளை சில நாளில் காய்ந்துவிடும். திரிதிரியாக வைத்து எழுப்பிய குதிரை அவ்வளவு சீக்கிரம் காயாது. மெல்லிய காது முதலில் காய்ந்து சுருங்கும், தடித்த கழுத்து ஈரமாகவே நிற்கும், இரண்டும் சேருமிடத்தில் விரிசல் விடும். காதைத் துணியால் மூடிவைத்துக் கழுத்துக்காகக் காத்திருக்க வேண்டும். மேலே வெளுத்துவிட்டதே என்று நம்பவும் கூடாது. உங்கள் கன்னத்தை அதில் ஒட்டிப் பாருங்கள். ஜில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அதோடு சூளையில் ஏற்றினால், சூடு 100 டிகிரியைத் தாண்டும்போது அந்த ஈரம் ஆவியாகி உருவத்தையே பிளந்துவிடும். மண்ணை நன்றாக அறிந்தவர்களும் வாடகைத் தேதி நெருங்கும்போது இப்படிச் சுட்டுக் கெடுக்கிறார்கள்.

கலிபோர்னியாவின் வயோலா ஃப்ரே ஆளை விடப் பெரிய மனித உருவங்களைப் பகுதிகளாக வெட்டிச் சுட்டு, பளிச்சென்ற வண்ண மெருகோடு அடுக்கி நிறுத்தியவர். தொடக்க காலத்தில் கணக்கு வேலை பார்த்தார். பிறகு பல ஆண்டுகள் ஓக்லாந்தின் கலைக் கல்லூரியில் கற்பித்தார். நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் அவருடைய தனிக் கண்காட்சி நடந்தது 1984இல், ஐம்பது வயதில். அதுவரை சிற்பமே சோறு போட வேண்டும் என்றிருந்தால் அந்த உருவங்கள் அவ்வளவு உயரம் வளர்ந்திருக்குமா? புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியும் தட்டு, குவளை விற்று நின்ற இடம்தான். அய்யனார் கோயில் புரவி செய்யும் வேளார்களும் புரவியை மட்டும் நம்பியிருந்ததில்லை. பானையும் அகலும் இருந்தன.

பக்க வேலை கவனத்தைச் சிதறடிக்கும், ஒரே பொருளைத் திரும்பத் திரும்பச் செய்தால் கை மரத்துப்போகும் என்பார்கள். முதலாவதில் பாதி உண்மை. ஆனால் உருவம் காயும் நாட்களில் சிற்பிக்கு அதன்மேல் செய்ய அதிக வேலை இல்லை. அந்த நாட்களை விற்பதில் நஷ்டம் என்ன? இரண்டாவதை நான் ஏற்கவில்லை. நூறு அகல் செய்த விரலுக்குச் சுவரின் கனம் பார்க்காமலே தெரியும். கை மரத்துப்போவது சொந்தச் சிற்பத்தையே சாவிக்கொத்து அளவில் சுருக்கி விற்கும்போதுதான். அதைவிட அகல் மேல்.

எல்லா வேலையும் ஒத்துவராது. வாரத்தில் மூன்று நாள் பள்ளியில் மண்வேலை சொல்லித்தரக் கூப்பிட்டால் போங்கள். நவராத்திரிக்குள் கொலு பொம்மை முடித்துத் தரச் சொல்லும் ஆர்டரை, பெரிய உருவம் ஒன்று காய்ந்துகொண்டிருக்கும்போது எடுக்காதீர்கள். சூளை ஒன்றுதான் இருக்கிறது, தேதி சொன்னவருக்குத்தான் அது முதலில் போகும்.