கடலைக் காய் நிறைய ஜிப்சம்

செடி பசுமையாய்த் தழைத்திருக்கும்; பிடுங்கிப் பார்த்தாலோ காய்கள் பலவும் பொக்காயிருக்கும். செம்மண்ணிலும் மணற்பாங்கான நிலத்திலும் நிலக்கடலை பயிரிடும் சிறு குடியானவர்கள் பலர் அடையும் நஷ்டம் இது. இதற்குரிய காரணங்களுள் முக்கியமானது சுண்ணாம்புச் சத்துக் குறைவாகும்.

வேர் உறிஞ்சும் சுண்ணாம்புச் சத்து இலைக்குச் சென்றபின் காய்க்கு இறங்கி வருவதில்லை. மண்ணுக்குள் இறங்கிய விழுதும் இளங்காயும் தம்மைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே அதனை நேராக ஏற்கின்றன. ஆகையால், காய் பிடிக்கும் மேல்மண்ணில் அச்சத்து இருத்தல் அவசியம்.

இதற்கு மலிவான சாதனம் ஜிப்சம். இதில் சுண்ணாம்புச் சத்துடன், கடலையில் எண்ணெய் பெருக உதவும் கந்தகமும் உண்டு. ஏக்கருக்கு 160 கிலோ போதும். இறவைப் பயிருக்கு, விதைத்த 40 முதல் 45 நாட்களுக்குள் செடியின் ஓரமாகத் தூவி, கொத்தி, மண் அணைக்க வேண்டும். மானாவாரியில் மண்ணின் ஈரங்கண்டு 40 முதல் 75 நாட்களுக்குள் இடலாம். இறங்கிய விழுதுகள் அறுபடாதபடி கவனித்தல் வேண்டும். ஈரமின்றேல் ஜிப்சம் கரையாது. கரையாத சத்து காய்க்கு எட்டாது.

சுண்ணாம்பு மிகுந்த நிலத்திற்கு ஜிப்சம் வேண்டா. எனவே முதலில் மண்ணைப் பரிசோதித்துக்கொள்வது நலம். தொழு உரத்திற்கு ஜிப்சம் மாற்றன்று என்பதையும் நினைவூட்ட விரும்புகிறோம். ஏக்கருக்கு 5 டன் தொழு உரத்தைக் கடைசி உழவில் இட்டே தீரவேண்டும்.

ஐயமுள்ளோர் முதற் போகத்தில் ஒரு பாத்திக்கு மட்டும் ஜிப்சம் இடட்டும். அறுவடையில், இட்ட பாத்தியின் காயையும் இடாத பாத்தியின் காயையும் தனித்தனியே காயவைத்து உடைத்து, பருப்பை நிறுத்துப் பார்க்கட்டும். எங்கள் சொல்லைவிடத் தராசின் சொல்லே மேல்.