இரண்டாம் பாதியில் தம் எங்கே போகிறது?

மாவட்டக் கபடி அணியில் புதிதாக இடம்பிடித்திருக்கும் தம்பிக்கு,

முதல் பாதியில் புலி மாதிரிப் பாடிய பையன் இரண்டாம் பாதியில் நடுக்கோட்டையே சுற்றிக்கொண்டிருப்பதை ஊர்ப் போட்டிகளில் அடிக்கடி பார்க்கலாம். கால் போகிறது, கை நீளுகிறது; தொட்டுவிட்டுத் திரும்பும் அந்தக் கடைசிப் பாய்ச்சல் மட்டும் வருவதில்லை. ‘பையனுக்குத் தம் இல்லை’ என்று ஓரத்தில் நிற்பவர்கள் சொல்லிவிடுவார்கள். அந்தத் தம்மை எப்படிச் சேர்ப்பது என்று சொல்லித்தருபவர்கள் குறைவு.

ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. பாய்ந்து தொட்டு மீளும் வேகத்துக்குத் தசை முதலில் செலவழிப்பது தன்னிடம் இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட்டை. முழு வேகத்தில் அது சுமார் 10 விநாடிதான் தாங்கும். தீர்ந்தது நன்றாக நிரம்ப இரண்டு, மூன்று நிமிடம் பிடிக்கும். நிரப்புவதற்கு ஆக்சிஜன் வேண்டும். எதிரணி ஒருமுறை பாடி முடித்ததும் மறுபடி ஏற வேண்டிய ரெய்டருக்கு அவ்வளவு நேரம் ஏது? இதயமும் நுரையீரலும் பழகிய உடம்பில் அதே இடைவெளியில் கூடுதலாக நிரம்பும். நொடிப் பாய்ச்சலை நம்பி ஆடுபவனும் வாரத்தில் இரண்டு நாள், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் அரை மணி நேரம் ஓட வேண்டியது இதனால்தான். மெதுவாக ஓடி என்ன ஆகப்போகிறது என்று பலர் இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். இன்னொரு நாள், 10 விநாடி முழு வேகம், 30 விநாடி நடை என்று மாற்றி மாற்றி.

அளந்து பார்க்கவும் வழி இருக்கிறது. அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968இல் வெளியிட்ட சோதனைக்கு ஒரு கடிகாரம் போதும்: 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓட முடிகிறது? ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஓடிக் குறித்து வைத்தால், முன்னேற்றம் நோட்டிலேயே தெரியும்.

அடுத்தது வலிமை. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டு வந்த வீரர்களின் முழங்காலைத் தேற்ற, ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம் எடையைப் படிப்படியாகக் கூட்டினார். பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடையை எடுத்து, அதில் பாதி, முக்கால், முழுசு என்று மூன்று சுற்று. இன்றைய ஜிம்களின் ‘பத்துப் பத்தாக மூன்று செட்’ அந்த வழி வந்ததுதான். எடை கூடவில்லையென்றால் தசைக்கும் கூட வேண்டிய அவசியமில்லை. ஆனால் கண்ணாடியில் தெரியும் கைத்தசைக்காக மட்டும் ஜிம்முக்குப் போவது கபடிக்கு உதவாது. தொடை, இடுப்பு, முதுகு, விரல்பிடி: ஆட்டம் அங்கே இருக்கிறது. அங்கே வலு இருந்தால் வயதும் பெரிய தடையல்ல: தஞ்சை மாவட்டத்து தர்மராஜ் சேரலாதன் 40 வயதைத் தாண்டிய பிறகும், 2016இல் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியில் தடுப்பாட்டக்காரராக இருந்தார்.

பிடித்த காலை விடாமல் வைத்திருப்பது தசையின் தாங்குதிறன். குறைந்த எடையில் அதிக முறை செய்தால் அது வளரும். நெகிழ்வுக்கு, தசையை இழுத்துப் பிடித்து நிற்கும் பயிற்சிகளை ஆட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்வது நல்லது. ஆட்டத்துக்கு முன் நீண்ட நேரம் இழுத்தால் பாய்ச்சலின் வேகம் குறையும்.

கடைசியாக எடை, தம்பி. இதில்தான் பயமாக இருக்கிறது. எடைப் பிரிவுக்குள் நுழைவதற்காக முந்தின நாள் தண்ணீர் குடிக்காமல், வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓடும் பிள்ளைகள் உண்டு. இறங்குவது கொழுப்பு அல்ல, வெறும் நீர். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீர் குறைந்தாலே தம் குறையத் தொடங்கும். வெயிலில் உயிருக்கே ஆபத்து. எடை பார்க்கும் நாளுக்கு ஆறு வாரம் முன்பே தராசில் ஏறினால், வாரம் அரைக் கிலோவாக மூன்று கிலோவை இறக்க முடியும். அதற்கு மேல் இறக்க வேண்டியிருந்தால் அடுத்த எடைப் பிரிவில் ஆடலாம். வளரும் வயதில் அது ஒரு குறையே இல்லை.