பட்டை தரும் மருந்தும் பட்டுப்போகும் மரமும்

ஒரு மரத்தின் கிளையை வெட்டினால் அது மீண்டும் துளிர்க்கிறது. ஆனால் அடிமரத்தைச் சுற்றி வளையமாகப் பட்டையை உரித்துவிட்டால் பெரும்பாலும் மரமே பட்டுப்போகிறது. ஏன் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

விடையை ஓர் ஆப்பிரிக்க மரத்திடம் கேட்போம். அதன் பெயர் புரூனஸ் ஆப்பிரிக்கானா. கேமரூன், கென்யா, மடகாஸ்கர் முதலிய நாடுகளின் மலைக்காடுகளில் 30 மீட்டர் உயரம்கூட வளரக்கூடியது. ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த இது, பாதாம் மரத்திற்கு நெருங்கிய உறவு. இலையைக் கசக்கி முகர்ந்தால் பாதாம் வாசனை வரும்.

இம்மரத்தின் பட்டையை அந்நாட்டு மக்கள் காய்ச்சலுக்கும் நெஞ்சு வலிக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் மருந்தாகப் பயன்படுத்தி வந்தனர். நாட்டு வைத்தியருக்குச் சிறிது பட்டையே போதும்; காயம் ஆறி மரமும் பிழைத்துக்கொள்ளும். 1960-களில் ஐரோப்பியர் இதைக் கவனித்தனர். வயதான ஆண்களுக்குப் புரோஸ்டேட் சுரப்பி வீங்குவதால் சிறுநீர் கழிப்பது கடினமாகும். இத்தொல்லையைத் தணிக்கும் மருந்தாகப் பட்டைச் சாறு விற்பனைக்கு வந்தது. 1990-களில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான டன் பட்டை காடுகளிலிருந்து வெளியேறியது. விரைவில் பணம் பெற விரும்பியோர் மரத்தை வளையமாக உரித்தனர். சிலர் வெட்டியே சாய்த்தனர்.

இப்போது விடைக்கு வருவோம். வேர் உறிஞ்சும் நீரை மேலே ஏற்றுவது கட்டையிலுள்ள சைலம். இலை தயாரிக்கும் சர்க்கரையைக் கீழே இறக்குவது உட்பட்டையிலுள்ள புளோயம். பட்டையை முழு வளையமாக எடுத்தால் புளோயம் அறுபடுகிறது. நீர் ஏறிக்கொண்டிருப்பதால் இலைகள் சில காலம் பசுமையாகவே இருக்கும். ஆனால் வேரோ, சேமித்த உணவு தீர்ந்ததும் பட்டினியால் மடியும். பிறகு மரம் முழுவதும் காயும்.

அப்படியானால் மருந்தும் வேண்டும், மரமும் வேண்டும் என்றால் என்ன செய்வது? அடிமரத்தின் சுற்றளவை நான்கு பாகமாகப் பிரித்து, எதிரெதிரான இரு பாகங்களில் மட்டும் உரிக்க வேண்டும். மீதிப் பட்டை வழியே வேருக்கு உணவு செல்லும். உட்பட்டைக்குக் கீழுள்ள கேம்பியம் காயப்படாவிட்டால் புதுப்பட்டையும் உருவாகும். அது நன்கு வளரச் சில ஆண்டுகள் காத்திருந்த பின்பே மற்ற இரு பாகங்களைத் தொட வேண்டும். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1995 முதல் இம்மரம் இடம்பெற்றுள்ளது. பல இடங்களில் மரக்கன்றுகளும் நடப்படுகின்றன.

உங்களுக்கு ஒரு கேள்வி: தென்னையில் இவ்வாறு பட்டையை வளையமாக உரித்துப் புளோயத்தை மட்டும் நீக்க முடியுமா? ஒருவித்திலைத் தாவரத் தண்டின் குறுக்குவெட்டுப் படத்தைப் பாருங்கள், விடை கிடைக்கும்.