வலிப்பு வியாதியும் விவாகமும்

தியானப் பகுதி: ஆதியாகமம் 29:21-30, மத்தேயு 4:23,24



சில வருஷங்களுக்கு முன் நம்முடைய சபைச் சகோதரி ஒருத்திக்கு வரன் பார்த்தார்கள். சிறு வயதிலிருந்தே அவளுக்கு வலிப்பு உண்டு. மாப்பிள்ளை வீட்டார் என்னிடத்தில் வந்து, "பெண் எப்படி பாஸ்டர்?" என்று விசாரித்தார்கள். "நல்லா ஜெபிக்கிற பிள்ளை" என்றேன். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை அல்ல. "சொன்னா கல்யாணம் நின்னு போயிடும்" என்று பெற்றோர் அழுதபடியால் வாயை மூடிக்கொண்டேன்.

போன வீட்டில் யாருக்கும் தெரியாமல் அவள் மாத்திரை சாப்பிடவேண்டியதாயிற்று. ஒரு நாள் சாப்பிட்டாள், இரண்டு நாள் விட்டாள். தூக்கமும் இல்லை. 11-ம் நாள் அடுப்பங்கரையில் விழுந்தாள், கை வெந்துபோயிற்று. தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவள் கணவர் என்னிடத்தில் வந்து, "பாஸ்டர், வியாதிக்காக நான் கோபப்படல. எல்லாரும் சேர்ந்து மறைச்சீங்களே, அதைத்தான் தாங்க முடியல" என்றார். என்னிடத்தில் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன்.

1. மறைக்காதிருங்கள்

ராகேலைத் தருவதாகச் சொல்லி லாபான் லேயாளைக் கொடுத்தான். யாக்கோபுக்கு விடிந்த பிறகுதான் தெரிந்தது. அந்த ஒரு இராத்திரியின் வஞ்சகம் எத்தனை வருஷம் கண்ணீராய் ஓடிற்று! திட்டம்போட்டவன் தகப்பன், பாடுபட்டவள் மகள். இன்றைக்கும் அப்படித்தான்.

வலிப்பு கல்யாணத்துக்குத் தடை அல்ல. இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் முன்னே அது தடையாக எழுதியிருந்தது. 1999-ம் வருஷத் திருத்தத்தில் அதை எடுத்துப்போட்டார்கள். சட்டம் எடுத்துப்போட்டதை நாம் மனதில் வைத்துக்கொண்டிருக்கலாமா? நிச்சயதார்த்தத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். கடைசியாக எப்போது வந்தது, என்ன மாத்திரை, எல்லாவற்றையும் சொல்லுங்கள். போகிற வரன் போகட்டும்.

2. பிசாசு என்று தீர்க்காதிருங்கள்

மாற்கு 9-ல் உள்ள பையனைக் காட்டி, வலிப்பு வருகிற எல்லாருக்கும் பிசாசு என்று சொல்லுகிறவர்கள் நம்மில் உண்டு. மத்தேயு 4:24-ஐ நிதானமாய் வாசியுங்கள். பிசாசு பிடித்தவர்கள் வேறு, சந்திரரோகிகள் வேறு என்று அங்கே தனித்தனியே எழுதியிருக்கிறது. மூளையில் ஓடுகிற மின்சாரம் போன்ற சமிக்ஞை திடீரென்று தாறுமாறாவதால் வலிப்பு வருகிறது. அது தொற்றாது, பைத்தியமும் அல்ல. சரியான வைத்தியம் கிடைத்தால் பத்தில் ஏழு பேர் வரைக்கும் வலிப்பில்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது.

3. மாத்திரையை நிறுத்தாதிருங்கள்

எசேக்கியாவுக்குக் கர்த்தர் சுகம் வாக்குப்பண்ணினார். ஆனாலும் ஏசாயா அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னான் (2 இராஜாக்கள் 20:5-7). ஜெபித்தாயிற்று என்று மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால், வலிப்பு விடாமல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சுகமானேன் என்று விசுவாசிக்கிறவர்கள் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். அவர் பார்த்துக் குறைக்கட்டும். உபவாச நாளிலும் மாத்திரையை விடவேண்டாம். தூக்கம் கெட்டால் பலருக்கு வலிப்பு வரும். ஆகவே முழு இரவு ஜெபத்துக்கு வராதவர்களைக் குறைசொல்லாதிருங்கள்.

பிள்ளைக்கு ஆயத்தமாகும் முன்னே டாக்டரைப் பாருங்கள். வால்புரோயேட் போன்ற சில மருந்துகள் கருவிலுள்ள பிள்ளையைப் பாதிக்கும். எதை மாற்றவேண்டும் என்று அவர் சொல்லுவார். நீங்களாக நிறுத்தக் கூடாது.

4. துணையாயிருங்கள்

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். அடுப்பு, கத்தி போன்றவற்றை விலக்குங்கள். கைகாலை இறுகப் பிடிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். சாவிக்கொத்தைக் கையில் கொடுப்பதால் பிரயோஜனமில்லை. 5 நிமிஷத்துக்கு மேல் போனால் 108-ஐ அழையுங்கள்.

மூன்று மாதம் கழித்து அந்தத் தம்பி வந்து மனைவியை அழைத்துப்போனார். இப்போது இராத்திரி குடும்ப ஜெபம் முடிந்ததும் அவரே தண்ணீரும் மாத்திரையும் எடுத்துக்கொடுக்கிறார். எப்போதாவது வலிப்பு வரத்தான் செய்கிறது. பூரண சுகத்துக்காக இருவரும் ஜெபிக்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளை ஒளித்துச் சாப்பிடுகிறதில்லை.

உங்கள் வீட்டில் ஒளித்துவைத்த மாத்திரை உண்டா? இன்றைக்கே வெளியே எடுத்துவையுங்கள். கர்த்தர்தாமே உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.